ஞானப்பிரகாசர் என்னும் பெயருடையார்

திருத்துறைப்பூண்டியில் எழுந்தருளியிருக்கும் பெருமான் திருநாமம் பிறவி மருந்தீசர் என்பது. சென்னையைச் சார்ந்த திருவான்மியூர்ப் பெருமானும் மருந்தீசர் என்றே வழங்கப்பெறுகின்றார். பூண்டியில் நின்று வழிபடுவான் ஒருவன் வான்மியூரை நினைப்பினும், வான்மியூரில் நின்றான் பூண்டியை நினைப்பினும், அவ்வழிபாடு பிழைபடுவதின்று. தலம் இரண்டு, திருநாமம் ஒன்று, பொருளும் ஒன்றே. ஒருவனாகிய இறைவனே ஊர்தோறும் கோயில்கொண்டு நிற்றலின், நாமத்தை எங்கே சொல்லினும் அது சென்று சேருமிடம் அவன் திருவடியேயாம்.

ஆசிரியன்மார் திறத்தில் இந்நியாயம் செல்லாது. பெயர் ஒன்றாய் ஆள் பலராய் நிற்குமிடத்து, ஒருவர் நூலை மற்றொருவர் தலையில் ஏற்றின், நூலின் கருத்துத் திரியும். ஆசிரியர் தாம் கொள்ளாத கொள்கைக்குப் பழி சுமப்பர். அவர்வழி வந்த மாணாக்கர் பரம்பரையும் ஐயத்துக்கு இடமாகும். ஆதலின் பெயரொற்றுமையை ஆராய்தல் வெறும் வரலாற்று வேடிக்கையாக ஒழியாது, சமய நூலுணர்ச்சிக்கு இன்றியமையாத தொழிலாகின்றது.

சைவ நூல்வரலாற்றில் இம்மயக்கத்துக்குப் பெரிதும் இடந்தந்த திருப்பெயர்களுள் ஒன்று ஞானப்பிரகாசர் என்பது. ஞானமாகிய ஒளியையுடையார் எனப் பொருள்படும் இச்சொல், மலவிருளை நீக்கும் குரவனைக் குறித்தற்கு மிகவும் ஏற்புடைத்தாதலின், பல இடங்களிலும் பல காலங்களிலும் பெரியோர்க்கு வழங்கலாயிற்று. காஞ்சிபுரத்துத் தொண்டைமண்டல ஆதீனத் தலைவர்கள் வழிவழியாக இப்பெயரைத் தாங்கி வந்துள்ளனர். ஆண்டு ஒருவர் பெயர் அடுத்தவர்க்குச் செல்லுதல் பீடத்தின் மரபு. தருமபுர ஆதீனத் தலைவர்கள் ஞானசம்பந்தர் என்னும் பெயரைத் தம் பெயரோடு இயைத்து வழங்குதலும் அத்தகையதே. ஒரு பீடத்தின் உரிமையாய் வரும் பெயரொற்றுமை வேறு. தம்முள் தொடர்பில்லாதார்க்குத் தனித்தனியே அமைந்த பெயரொற்றுமை வேறு. மயக்கம் விளைப்பது பின்னையதேயாகலின், அத்திறத்தார் மூவரை எடுத்து ஈண்டு ஆராய்தல் தகும்.

அம்மூவருள் ஒருவர் திருவாரூரிலிருந்த கமலை ஞானப்பிரகாசர். மற்றொருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்து தில்லையில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர். பிறிதொருவர் யாழ்ப்பாணத்து நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். திருத்துறைப்பூண்டியோ, வடக்கே திருவாரூர்க்கும் தென்கிழக்கே திருமறைக்காட்டுக்கும் இடைப்பட்ட ஊர். ஆரூரில் முதல்வர் பெயர் விளக்கமுற்றிருக்கின்றது. மறைக்காட்டுத் திருக்கோயிலோ யாழ்ப்பாணத்து வரணி ஆதீனத்தாரின் வழிவழித் தொடர்புடையது. அக்கரைக்கு அப்பால் கடல் கடந்தால் ஏனை இருவர் பிறந்த நாடு. ஞானப்பிரகாசர் என்ற அளவில் ஆரூர்ப்பக்கத்தார் ஒருவரையும், கடற்கு அப்பாலார் வேறொருவரையும் நினைத்தல் இயல்பேயாம். இடைநின்றார் இருவரையும் ஒருவராக நினைத்தலும் எளிது.

கமலை ஞானப்பிரகாசர் 16-ஆம் நூற்றாண்டினர். கமலை என்பது திருவாரூர்க்கு ஒரு பெயர். மழபாடிப் புராணமும், சிவபூசைக்குரிய மலர்களின் முறைமை கூறும் புட்பவிதியும் அவர் பெயரால் வழங்குவன. அவற்றினும் மேலாக அவர்க்குப் புகழ் தந்தது அவர் மாணாக்கர் பெருமை. திருவில்லிபுத்தூரிற் பிறந்து, மதுரைச் சொக்கநாதப் பெருமான்பால் பேரன்பு பூண்டு, அப்பெருமான் அருளாணையால் ஆரூரை அடைந்து, கமலை ஞானப்பிரகாசரை ஞானாசிரியராகக் கொண்டவர் குருஞானசம்பந்தர். தருமபுர ஆதீனத்தை நிறுவியவர் அவரே. ஆசிரியர்க்கு இரவிற் கைவிளக்குப் பிடிக்கும் பணியை அவர் மேற்கொண்டிருந்தனர். ஓரிரவு, ஆசிரியர் நிற்கப் பணித்த இடத்தினின்றும் பெயராது, பெருமழையிலும் விளக்கணையாமல் நின்றனர் என்பது ஆதீனத்து வழங்கும் வரலாறு. சிவபோகசாரம், சொக்கநாத வெண்பா, முத்தி நிச்சயம் முதலியன குருஞானசம்பந்தர் அருளியவை. தம் ஆசிரியர் பெயராலேயே ஞானப்பிரகாச மாலை என்றொரு நூலும் இயற்றினர்.

யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாச முனிவர் வாழ்ந்தது 17-ஆம் நூற்றாண்டு. யாழ்ப்பாண அரசு 1619-இல் பறங்கியராகிய போர்த்துக்கேயர் வசப்பட்டு, 1658-இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவ்விடைக்காலத்தில், அதிகாரியின் உணவுக்கென வீட்டுக்கொரு பசுவை முறைவைத்துக் கொடுத்தல் வேண்டுமென்று ஆணை பிறந்ததாகவும், தம் முறை வருதற்கு முன்னாள் இரவே முனிவர் பசுக்கொலைக்கு உடன்படாது ஊரைத் துறந்து கடல் கடந்ததாகவும் யாழ்ப்பாணத்தார் வழிவழியாகக் கூறுவர். அவர் வடநாடு சென்று வடமொழியும் தருக்கமும் பயின்று, மீண்டு திருவண்ணாமலை ஆதீனத்தில் தீக்கையும் துறவும் பெற்றுத் தில்லையில் வாழ்ந்தனர். தில்லையில் ஞானப்பிரகாசம் என்னும் திருக்குளம் அவர் அகழ்வித்ததென்பர். வடமொழியில் பௌஷ்கர விருத்தி, சிவஞானபோத விருத்தி, சித்தாந்த சிகாமணி, பிரமாண தீபிகை, சிவயோக ரத்னம் முதலிய பல நூல்களும், தமிழில் சிவஞான சித்தியார் சுபக்கத்துக்கு உரையும் இயற்றினர். சிவயோக ரத்னம் 1975-இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடாகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வந்துள்ளது.

இவ்விருவரையும் பிரித்துணர வேண்டுவதன் காரணம் அச்சித்தியாருரையிலேயே அடங்கியுள்ளது. சுபக்கத்துக்கு உரைகண்டாருள் மறைஞான தேசிகர், சிவாக்கிரயோகிகள், ஞானப்பிரகாசர், சிவஞான முனிவர், நிரம்பவழகிய தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என்னும் அறுவர் உரைகள் ஒருங்கே தொகுக்கப்பெற்று அறுவருரை என வழங்குகின்றன. இவருள் ஞானப்பிரகாசர் உரை சிவசமவாதக் கொள்கையைத் தழுவியது. முத்திக்கண் ஆன்மா மலம் முற்றும் நீங்கப்பெற்று, சிவத்தோடு ஒப்ப எல்லாம் அறிதலும் எல்லாம் செய்தலும் உடைத்தாய்ச் சமமாய் நிற்கும் என்பது அக்கொள்கையின் சாரம். உமாபதி சிவனார் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313-இல் அருளிய சங்கற்ப நிராகரணத்தில், மறுக்கப்படும் சமயத்தாருள் சிவசமவாதியும் ஒருவன். திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் இவ்வுரையை எடுத்துக்கொண்டு சிவசமவாதவுரை மறுப்பு என ஒரு தனி நூலே செய்தனர். முனிவர் சிவபதம் அடைந்தது 1785-இல். மறுத்தவர் உரையும் மறுக்கப்பட்டவர் உரையும் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து நிற்பதைச் சித்தியார் பயில்வோர் இன்றும் காணலாம்.

மெய்கண்டார் சந்தானத்துக் கொள்கை இதனின் வேறு. ஆன்மா அறிவுடைப் பொருளேயாயினும், காட்டக் காணும் இயல்பினது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும், உயிர் உடனின்று காட்டினாலன்றி அது காணமாட்டாது. அவ்வாறே உயிரும் சிவம் உடனின்று காட்டிக் கண்டாலன்றி யாதும் அறியமாட்டாது. மலம் நீங்கிய பின்னும் இவ்வியல்பு மாறாது. மலம் நீங்குதலால் உயிர்க்குத் தடை நீங்குமேயன்றித் தலைமை வாராது. முத்தியில் உயிர் சிவானந்தத்தைத் துய்க்கும்; ஆனந்தத்தைத் தரும் முதலாய்த் தானே நில்லாது. தாளும் தலையும் கூடியவழித் தாடலை என ஒரு சொல்லாய் நிற்பினும், தாள் மேலதாகவும் தலை கீழதாகவும் உள்ள முறை கெடாமைபோல, ஒன்றாய் நின்றவழியும் ஆண்டான் அடிமைத் திறம் கெடுவதின்று.

ஈண்டு ஒருவர் வினவலாம்: இருவரும் சிவனடியார், இருவரும் சித்தாந்தம் கற்றோர், ஒருவர் நூலை மற்றவர்க்கு உரியதாகக் கொள்வதனால் வரும் இழுக்கு என்னை? எனின், இழுக்கு மிகப் பெரிதென்க. சிவசமவாதவுரை செய்த ஞானப்பிரகாசர் கமலையாரே எனக் கொள்ளின், குருஞானசம்பந்தர்க்கு ஞானம் உபதேசித்த ஆசிரியரே சந்தானத்துக்கு மாறான கொள்கையர் என்பதாய் முடியும். அவ்வாதீனத்தின் ஊற்றுவாயிலேயே மாசு கற்பித்ததாகும். தருமபுரத்தின் வழியில் தீக்கை பெற்ற குடிகள் சோழநாட்டில் எத்துணையோ உள. அவர்தம் உபதேச வழியின் முதலே பிழையுடையதென்று, பெயரெழுத்து ஒத்தமை ஒன்றே பற்றிக் கூறுதல் பெரும்பாவமாம்.

இனி, கமலையார்தாமே சித்தியாருக்கு அவ்வுரை செய்திருத்தல் கூடாதோ எனின், கூடாது. மாணாக்கர் நூலில் ஆசிரியர் கருத்து விளங்கும். குருஞானசம்பந்தர் அருளிய முத்தி நிச்சயம், முத்திக்கண் ஆன்மா துய்ப்பது சிவானந்தமே என நிறுவப் புகுந்த நூல். அதற்குத் தருமபுரத்து வெள்ளியம்பலவாண முனிவர் பேருரை கண்டனர். ஆசிரியர் சிவசமத்தை உபதேசித்திருப்பின், அவர் திருவடியே பொருளெனக் கொண்ட மாணாக்கர் முத்தியின் இயல்பை ஆராயுமிடத்து அதனைத் தழுவுதல் வேண்டும். தழுவாது விடுதல் வேண்டுமாயின் காரணங் காட்டியிருத்தல் வேண்டும். இரண்டும் இல்லை. சித்தியாருரையின் போக்கோ வடமொழி ஆகமங்களையும் தருக்க முறையையும் பெரிதும் சார்ந்தது. பௌஷ்கரத்துக்கு விருத்தி கண்டவர் கல்விப்பயிற்சியோடு ஒத்துச் செல்வது. ஆகவே நூலின் உள்ளிருந்தே இருவரும் வேறாதல் தெளியப்படும்.

ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொன்னால் மயக்கம் தீருமன்றோ எனின், அதுவும் முற்றும் தீர்வதாகாது. வடமொழி நூல்களில் யாழ்ப்பாணத்து முனிவர் சாலிவாடி ஞானப்பிரகாசர் எனக் குறிக்கப்பெறுகின்றார். சாலி என்பது நெல். வாடி என்பது வேலியிட்ட இடம். ஆகவே சாலிவாடி நெல்வேலி என்பதன் வடமொழி வடிவம். தமிழகத்தார் நெல்வேலி என்றவுடன் பாண்டி நாட்டிலே பொருநைக்கரைத் திருநெல்வேலியை நினைப்பர். முனிவர் பிறந்தது யாழ்ப்பாணத்து நல்லூர்க்கு அணித்தாகிய திருநெல்வேலி. ஆட்பெயரின் மயக்கத்தைத் தீர்க்கக் கொணர்ந்த ஊர்ப்பெயரும் இரண்டாய் நின்று வேறொரு மயக்கத்தை விளைக்கின்றது.

யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் எனத் தெளிவாகச் சொல்லினும் போதாது. சுவாமி ஞானப்பிரகாசரும் யாழ்ப்பாணத்தவரே. அவர் 1875-இல் மானிப்பாயிற் சைவக் குடும்பத்திற் பிறந்து, வைத்திலிங்கம் என்னும் பெயர் பெற்றனர். தந்தையார் இறந்தபின் தாயார் கத்தோலிக்கர் ஒருவரை மணந்தமையால், இளமையிலேயே அச்சமயத்திற் புகுந்து, 1901-இல் குருப்பட்டம் பெற்று, நல்லூரில் வாழ்ந்து, 1947-இல் காலமாயினர். யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928-இல் வெளிவந்தது. சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியின் பகுதிகள் 1938 முதல் வெளிவரலாயின. இலங்கைக் கத்தோலிக்க சமய வரலாற்றையும் அவர் எழுதினர். இவர்க்கு ஞானப்பிரகாசர் என்னும் பெயர் சைவ மடத்து வழியாக வந்ததன்று. தமிழ்க் கத்தோலிக்கர் அலோசியுஸ் என்னும் தம் சமயத்து அருளாளரை ஞானப்பிரகாசியார் எனத் தமிழ்ப்பெயரால் வழங்குவர். அவ்வழக்கால் இப்பெயர் அச்சமயத்தாரிடையே பெருகியுள்ளது. எழுத்து ஒன்றாயினும் பெயர் வந்த வழி வேறென்பது இதனால் விளங்கும்.

முன்னவர் பறங்கியர் ஆட்சிக்கு அஞ்சாது அதன் ஆணையை மறுத்துப் பிறந்த மண்ணைத் துறந்தவர். பின்னவர் அப்பறங்கியர் வழியாக அந்நாட்டிற் பரவிய சமயத்துக் குருவாய் நின்று, அவர் காலத்து வரலாற்றையும் ஆராய்ந்தவர். இருவர் நாடும் பெயரும் ஒன்று, நெறி இரண்டு, துறையும் இரண்டு. முனிவர் துறை ஆகமமும் தருக்கமும். சுவாமியார் துறை சொல்லாராய்ச்சியும் வரலாறும். சுவாமியார் சைவ சித்தாந்தம் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதியுள்ளாராகலின், சித்தாந்தம் எழுதிய யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் என்னும் நெடிய அடையும் இருவர்க்கும் ஒருங்கே பொருந்திவிடுகின்றது. சைவர் எழுதியதைப் பிற சமயத்தார் எழுதியதாகவும், பிற சமயத்தார் ஆராய்ச்சியைச் சைவ ஆசாரியர் வாக்காகவும் கொண்டு மேற்கோள் காட்டும் இடர் இவ்வழியே புகும்.

இவ்விடர் தமிழ்நாட்டுக்கே உரியதன்று. மேனாட்டிற் கிறித்தவ சமயத்தார் தியொனீசியு என்னும் பெயருடையார் மூவரை ஒருவராக்கி நெடுங்காலம் மயங்கினர். பவுல் என்பார் ஆதென்ஸ் நகரில் உபதேசித்த காலத்து அவரைப் பின்பற்றிய அரேயோபாகு மன்றத்தார் ஒருவர், பாரிஸ் நகரில் உயிர்நீத்த ஆயர் ஒருவர், கி.பி. 500-ஐ அடுத்துக் கிரேக்க மொழியில் ஞானநூல்கள் எழுதி அப்பழம்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட ஒருவர். 9-ஆம் நூற்றாண்டில் பாரிசைச் சார்ந்த மடத்தலைவர் ஒருவர் இம்மூவரையும் ஒருவராகவே எழுதிவைத்தனர். 15-ஆம் நூற்றாண்டில் லோரென்சோ வல்லா என்னும் அறிஞர் ஐயம் எழுப்பும்வரை, அந்நூல்கள் பவுலின் மாணாக்கர் வாக்கு என்னும் மதிப்போடே ஓதப்பட்டன. பிந்திய காலத்துக் கருத்து முந்திய காலத்து ஆணையாய் மாறியதற்குப் பெயரொன்றே கருவியாயிற்று.

சைவத்திலும் மறைஞானசம்பந்தர் என்னும் பெயர் இருவர்க்கு உண்டு. உமாபதி சிவனார்க்கு ஆசிரியராகிய சந்தானகுரவர் ஒருவர். 16-ஆம் நூற்றாண்டில் தில்லையிலிருந்து சைவ சமயநெறி, சிவதருமோத்தரம், கமலாலயச் சிறப்பு முதலிய நூல்கள் இயற்றியவர் மற்றொருவர். இடையிலுள்ள காலம் இருநூறாண்டுக்கு மேற்பட்டது. பெயர் ஒன்றையே நோக்குவார், பின்னவர் நூலைச் சந்தானகுரவர் ஆணையாகக் கொண்டு பிழைபடுவர்.

ஆயின் இம்மயக்கத்தை நீக்கும் நெறி யாது? சித்தாந்திகள் பொருளுண்மை தெளிதற்குக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை முதன்மையாகக் கொள்வர். நூலாசிரியரைத் தெளிதற்கும் அவையே போதும். நூலின் உட்கருத்தையும் நடையையும் எடுத்தாளும் பிரமாணங்களையும் நேரே நோக்குதல் காண்டலின்பாற்படும். காலம், ஊர், அரசு, முன்பின் நூல்களின் தொடர்பு இவற்றால் அறுதியிடுதல் கருதலின்பாற்படும். மடங்களின் குருபரம்பரையும் கேள்வியும் உரையின்பாற்படும். இம்மூன்றும் ஒத்தவழிக் கொள்க. ஒன்றோடொன்று முரணியவழி ஆராய்க. பெயர் இம்மூன்றனுள் ஒன்றிலும் அடங்காது. அஃது ஆராய்ச்சிக்கு வாயிலாவதன்றித் தானே சான்றாகாது.

நூல் பதிப்பிப்போரும் நூல்நிலையப் பட்டியல் செய்வோரும் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். முற்காலத்து ஏட்டுச்சுவடி எழுதினோர் ஞானப்பிரகாசர் என்று மாத்திரம் எழுதியது, தம் மடத்தார்க்கு அவர் இன்னார் என்பது தெரிந்திருந்தமையால். அச்சிற் பதிப்போர் அதனையே முகப்பில் அமைத்துவிடின் அத்தெளிவு பிறர்க்கு எய்தாது. இக்காலத்துக் கணினிப் பட்டியல்களோ எழுத்தொத்த பெயர்களையெல்லாம் ஓரிடத்திற் குவித்துவிடுகின்றன; ஆகமவிருத்தியும், மலர்விதியும், சொற்பிறப்பு அகராதியும் ஒருவர் நூல்களாகவே தோன்றுகின்றன. ஊரும் காலமும் ஞானாசிரியர் பெயரும் ஆகிய மூன்றையும் ஆசிரியர் பெயரோடு சேர்த்து எழுதுதல் சிறிய உழைப்பே. அதனால் விலகும் பிழையோ பெரிது.

பிரித்துணர்தல் ஒருவரை உயர்த்தி மற்றவரை இகழ்தற்கு அன்று என்பதும் உளங்கொள்ளத் தக்கது. யாழ்ப்பாணத்து முனிவர் கொள்கையைச் சிவஞான முனிவர் மறுத்தனர், அம்மறுப்பு நியாயமானதே. ஆயினும் பசுவின் உயிர்க்கு இரங்கி ஊரையும் உறவையும் ஓரிரவில் துறந்தவர், ஆகமங்களுக்கு அருமையான உரைகளை வடமொழியில் ஆக்கி வைத்தவர், அம்மறுப்பினால் சிறுமையுறார். மறுத்தற்குரிய அளவு வலிமை அவர் உரைக்கு இருந்தமையாலன்றோ மாபாடியம் கண்ட பேராசிரியர் அதற்கெனத் தனி நூல் செய்யப் புகுந்தனர்? அவர் பிழையைக் கமலையார்மேல் ஏற்றாமை எத்துணை அறமோ, அவர் பெருமையைக் கமலையார்க்கே சூட்டி அவரை மறவாமையும் அத்துணை அறமாம். சொற்பிறப்பு ஆராய்ந்த சுவாமியாரின் உழைப்பும் அவர்க்கே உரியதாக வழங்குதல் வேண்டும். சமயம் வேறாதல் பற்றி அதனைக் குறைத்தலும், பெயர் ஒத்தமை பற்றி அதனைச் சைவர்க்கு ஆக்கிக்கொள்ளுதலும் ஒருங்கே தவறு.

ஒளி ஒன்றேயாயினும் அதனை ஏந்தும் விளக்குகள் வேறு. இவ்விளக்கு ஆரூரில் ஏற்றப்பட்டது, இது தில்லையில், இது நல்லூரில் எனத் தெரிந்து அவ்வவற்றின் ஒளியிற் பயில்வதே கற்பார் கடன். ஆரூரில் ஆசிரியர் முன் மழையிற் கைவிளக்கேந்தி நின்ற மாணாக்கர், தாம் ஏந்தியது எவர் விளக்கு என்பதை ஒருகாலும் மறந்தவரல்லர்.

திருச்சிற்றம்பலம்.